சோறு கேட்காத சாமான்கள்

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்:

எஸ்தர் மைனி. என் வீட்டுக்காரருடைய அக்கா. எங்களிடம் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில்.

தேவராஜ் அண்ணாச்சி. மைனியின் வீட்டுக்காரர். மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு ஆபீசர். பேண்ட் மடிப்புக் கலையாமல் பாயில் உட்கார்ந்திருந்தார்.

சாமுவேல். என் வீட்டுக்காரர். வாசற்படியில். எந்தப் பக்கமும் சேராத இடம் அது.

பியூலா. என் மகள். மைனி கொண்டுவந்த பேரீச்சம்பழப் பெட்டியும் அவளும்.

நான். அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு.

எங்களோடு ஒரு பிரிட்ஜ், ஒரு வாஷிங் மெஷின், ஒரு ஸ்டீல் பீரோ, கழற்றிய இரட்டைக் கட்டில், உறை பிரிக்காத மெத்தை, சாப்பாட்டு மேஜை, அதன்மேல் கவிழ்த்து வைத்த ஆறு நாற்காலி, சணல் போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டிகள். எல்லாம் மைனியுடையவை. இருந்தது என் வீட்டில்.

வெளியே சந்தில் ஒரு டெம்போ நின்றது. அதில் புது சோபா செட். அதுவும் உள்ளே வரவேண்டும். டிரைவர் ஹாரன் அடித்தபடி இருந்தான்.

புனேவில், போசரி கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு நான் சேர்ந்ததைப் போன வாரம் இந்தத் தொடரில் சொன்னேன். கம்பெனிக் கதை இன்னும் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டாமல் அதற்குப் போக முடியாது.

ஆறு மாசம் என்றார்கள்

மைனியும் அண்ணாச்சியும் அதே புனேவில், ஔந்தில் வாடகை பிளாட்டில் இருந்தார்கள். அண்ணாச்சிக்கு மஸ்கட் வேலை கிடைத்தது. பிளாட்டைக் காலி பண்ணினார்கள். சாமான் தாபோடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது.

"ஆறு மாசம்தான் ராணி. அண்ணாச்சிக்கு ஒத்துக்கிட்டா அங்க வீடு பாப்போம். இல்லன்னா திரும்பி வந்துருவோம்" என்றாள் மைனி.

நாலு மழைக்காலம் போயிற்று.

எங்கள் வீடு ஒரு அறை, ஒரு அடுப்படி. அறைக்கு ஒரே ஜன்னல். மெத்தையைப் படுக்கப் போட இடமில்லை. ஜன்னலோடு சேர்த்து நிமிர்த்தி வைத்தார்கள். அன்றிலிருந்து பகலிலும் டியூப்லைட் எரிந்தது.

பிரிட்ஜை என் கையில் ஒப்படைத்துவிட்டு மைனி சொன்னது ஞாபகம் இருக்கிறது.

"பிளக் மட்டும் மாட்டிராத. கம்ப்ரசர் போயிரும்."

மாட்டவில்லை. வீட்டில் பிரிட்ஜ் இருந்தது. நாங்கள் பானைத் தண்ணீர் குடித்தோம்.

பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மா, எங்களுக்குக் காக்கூ, ஒரு மே மாதம் கிண்ணத்தோடு வந்து ஐஸ் கேட்டாள். ஓடாத பிரிட்ஜ் என்றேன். நம்பவில்லை. திறந்து காட்டினேன். உள்ளே மைனியின் கண்ணாடித் தட்டுகள், பழைய புடவை சுற்றி, நாப்தலீன் வாசனையோடு. காக்கூ என்னைப் பார்த்தாள், தட்டுகளைப் பார்த்தாள்.

"காய் வஹினி, துகான் உகட்லய் கா?" என்றாள். என்ன அண்ணி, கடை திறந்திருக்கிறீர்களா என்று.

அதன்பிறகு சந்தில் எங்கள் வீட்டுக்குப் பெயரே துகான். தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டு வந்தார்.

ஒவ்வொரு மழைக்கும் சந்துத் தண்ணீர் படி ஏறும். நானும் அவரும் பீரோவைத் தூக்கிச் செங்கல் வைப்போம். பிறகு வாஷிங் மெஷின். பிறகு பிரிட்ஜ். கடைசியாக எங்கள் அரிசி டப்பா.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மைனி கெட்டவள் இல்லை. என் வீட்டுக்காரரைப் புனேவுக்குக் கூட்டிவந்தது மைனி. ரெண்டு வருஷம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டது மைனி. கல்யாணமான புதிதில் எனக்கு மராத்தியில் பேரம் பேசக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். அதனால்தான் நாலு வருஷம் வாயைத் திறக்கவில்லை.

பேக்கரிக்கு மேல் வகுப்பு

நான் ஊரில் ஒன்பதாவதோடு நின்றவள். புனேவில் பியூலா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு பத்தாவது தனியாக எழுதினேன். ரெண்டாம் தடவையில் பாஸ்.

கம்பெனியில் ஸ்டோர் கிளார்க் தீபாவளியோடு ரிட்டயர் ஆகப்போகிறார் என்று பேச்சு வந்தது. மேனேஜரிடம் கேட்டேன். கணக்கு சர்ட்டிபிகேட் இருந்தால் பார்க்கலாம் என்றார். ஃபோர்மேன் பக்கத்தில் நின்று சிரித்தான். சிரிக்கட்டும் என்று கட்கி பஜாரில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன்.

பேக்கரிக்கு மேல் மாடி. சாயங்காலம் பன் வேகும் வாசனை படிக்கட்டு வழியாக ஏறி வரும். பசிக்கும். என்னோடு படித்ததெல்லாம் காலேஜில் கோட்டை விட்ட பையன்கள், பெண்கள். என்னை மாவ்ஷி என்பார்கள். சித்தி மாதிரி.

புத்தகம் இங்கிலீஷ். சார் பேசுவது மராத்தி. நான் மனசுக்குள் தமிழில் மாற்றிக்கொள்வேன். பற்று, வரவு, தேய்மானம் எல்லாம் வந்துவிட்டது. ஒரு பாடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஹோல்டிங் காஸ்ட். சரக்கை வாங்கி வைத்திருப்பதற்கு ஆகிற செலவு.

சார் கரும்பலகையில் எழுதினார். சரக்கு வைத்த இடத்துக்கு வாடகை. விளக்கு. காவல். எலி, துரு, உடைசல். அதில் முடங்கிய பணத்துக்கு வட்டி. சரக்கு சும்மா இருந்தாலும் செலவு ஓடிக்கொண்டே இருக்கும் என்றார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். மெத்தை, பீரோ, செங்கல் எல்லாம் கண்முன் வந்தது. இதற்கு ஒரு பாடமே இருக்கிறதா என்று நினைத்தேன்.

முதல் தடவை

பாடம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பரீட்சையில் அதிலேதான் போயிற்று.

விஷயம் இதுதான். கம்பெனி ஆயிரம் போல்ட் வாங்குகிறது. தினம் கொஞ்சம் எடுக்கிறது. தீர்ந்ததும் மறுபடி ஆயிரம் வருகிறது. ஆயிரமும் எந்நேரமும் ரேக்கில் இருக்காது. ஒரு நாள் ஆயிரம், ஒரு நாள் ஒன்றுமில்லை. சராசரி ஐநூறு. ஆகவே செலவைப் பாதிச் சரக்குக்குத்தான் போடவேண்டும்.

நான் முழுசுக்கும் போட்டேன். ஒன்றைப் பிடித்து ஒன்றாக வரும் கணக்கு அது. முதல் விடை தப்பினால் கீழே நாலும் தப்பு. நாற்பது எடுத்தால் பாஸ். எனக்கு முப்பத்திநாலு.

சார் பேப்பரை வைத்துக்கொண்டு கேட்டார். "மாவ்ஷி, அர்தா கா நாஹீ கேத்லா?" ஏன் பாதி எடுக்கவில்லை?

"சார், எங்கள் வீட்டில் எதுவும் குறைவதில்லை" என்றேன்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். உண்மையைத்தான் சொன்னேன். சரக்கு வரும், போகும் என்று புத்தகம் சொல்கிறது. நாலு வருஷமாக நான் பார்த்த சரக்கு வந்தது, அவ்வளவுதான். குறைகிற சரக்கை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த பரீட்சை தீபாவளிக்கு முன்னால். அதையும் விட்டால் வேலை வேறு ஆளுக்கு.

அதற்கப்புறம் காலையில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் எழுந்து படித்தேன். டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு பாய் அளவு இடம் இருந்தது. ஒரு பக்கம் மெத்தை. இன்னொரு பக்கம் அவரும் பியூலாவும் தூங்குவார்கள். அவருடைய கம்பெனிச் சட்டையில் எண்ணெய் வாசனை அடிக்கும். அந்த இடத்தில்தான் எனக்குக் கணக்கு வரும். அடுப்படியில் உட்கார்ந்தால் வராது. முயன்று பார்த்திருக்கிறேன்.

புத்தகத்துக் கம்பெனி எதுவும் மனசில் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த சரக்கை வைத்துப் போட்டுப் பழகினேன். பேக்கிங் ஸ்லிப்பின் பின்பக்கம்தான் எனக்குத் தாள்.

தரையில் ஷாஹாபாத் கல். சதுரக் கல், கறுப்பும் பச்சையும் கலந்த நிறம். அறைக்கு முப்பது கல். வாடகையில் அடுப்படிப் பங்கைக் கழித்து அறைக்கு மட்டும் அறுநூறு என்று வைத்தேன். கல்லுக்கு இருபது ரூபாய். மைனியின் சாமான் உட்கார்ந்திருந்தது பதிமூன்று கல்.

இடத்துக்கு இருநூற்று அறுபது. பகல் விளக்குக்கு இருபது. நாப்தலீன், எலி மருந்துக்கு ஐந்து. மழைக்குச் செங்கல், பிளாஸ்டிக் ஷீட், மாசத்துக்குப் பத்து. சாமானின் விலை குத்துமதிப்பாக நாற்பதாயிரம் போட்டு, வட்டி மாசம் நானூறு.

மொத்தம் அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து.

யாருக்கும் காட்ட எழுதவில்லை. பழக எழுதினேன்.

டெம்போ

திரும்ப அந்த ஞாயிற்றுக்கிழமை.

லீவில் வந்தவர்கள் கோயில் முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மைனி எப்போது வந்தாலும் முதலில் ஜெபம். அன்றும் கண்ணை மூடினாள். என் தம்பியை ஆசீர்வதியும், ராணியை ஆசீர்வதியும், பியூலா படிப்பை ஆசீர்வதியும் என்று போய், கடைசியில், "இந்த வீட்டுக்கும் இந்தச் சாமான்களுக்கும் காவலாயிரும் ஆண்டவரே" என்று முடித்தாள்.

எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் சொன்னேனா என்று ஞாபகமில்லை.

டீ குடித்தார்கள். பிறகுதான் விஷயம். ஔந்தில் சொந்த பிளாட் புக் பண்ணியாயிற்று. சாவி வர ஒரு வருஷம். சோபா மலிவாகக் கிடைத்தது, வாங்கியாயிற்று.

"சாமு, டிரைவரக் கூப்பிடுல. இறக்கிருவோம்" என்றாள் மைனி. எழுந்து இடம் பார்த்தாள். டியூப்லைட்டுக்குக் கீழே கையை நீட்டினாள். "இங்க போட்டா சரியா இருக்கும். ஏட்டி ராணி, இந்தப் புஸ்தகத்தையெல்லாம் அள்ளி மேல போடு."

"இடம் இல்ல, மைனி" என்றேன்.

"இடம் என்ன இடம். நாம பண்ணுததுதான். ஒரு வருசம் பொறுத்துக்கோ."

"போன தடவ ஆறு மாசம்னு சொன்னீங்க."

அவர் வாசற்படியிலிருந்து, "ஏ ராணி, விடேன்" என்றார்.

"இவளுக்கு என்னல ஆச்சு?" என்று மைனி அவரைக் கேட்டாள். பிறகு என்னிடம், "சும்மா தானட்டி கெடக்கு. சோறா கேக்குது?"

"கேக்குது" என்றேன்.

 வெளியே மறுபடி ஹாரன்.

புத்தகத்துக்குள்ளிருந்த ஸ்லிப்பை எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டினார். படித்தார். சிரிக்கவில்லை. கணக்குக்காரர் கணக்கைப் பார்த்துச் சிரிக்கமாட்டார். அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

"என்னம்மா இது, ஹோல்டிங் காஸ்டா?"

"ஆமா அண்ணாச்சி."

"சராசரி எடுக்கலையே. பாதியால்ல போடணும்."

"கம்பெனின்னா பாதி. இதுல ஒரு கரண்டி குறையல அண்ணாச்சி. முழுசுதான்."

கொஞ்சம் யோசித்தார். தலையசைத்தார். பிறகு விரலை வட்டியில் வைத்தார்.

"இது தப்பு. சாமான் என்னுது. அதுல முடங்கின பணமும் என்னுது. அந்த வட்டி எனக்கு நஷ்டம். ஒனக்கு இல்ல. நீ எப்படி அதப் போடுவ?"

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. சரியாகத்தான் சொன்னார்.

"அடிச்சிருங்க" என்றேன்.

சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து நானூறை அடித்தார். கீழே இருநூற்றுத் தொண்ணூற்றைந்து என்று எழுதிக் கோடு போட்டார்.

மைனிக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க நீங்களும் அவகூட உக்காந்து கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கீங்க! கூடப்பொறந்தவன் வீட்டுல சாமான் வச்சதுக்கு வாடகையா? ஊர்ல சொன்னா சிரிப்பாவ."

அண்ணாச்சி பர்ஸை எடுத்தார். "எத்தன மாசத்துக்கும்மா?"

"பணம் வேண்டாம், அண்ணாச்சி."

"பின்ன?"

"கல் வேணும்."

"என்னது?"

"பதிமூணு கல். என் தரை. பரீச்சைக்கு நான் உக்காந்து படிக்கணும். சோபா வந்தா மிச்சம் இருக்கதுல மூணு பேரு படுக்கலாம். ஒருத்தி உக்கார முடியாது."

"பரீச்சையா?" என்றாள் மைனி. "இந்த வயசுல பரீச்சை எழுதி நீ எந்த ஆபீஸ்ல போயி உக்காரப் போற?"

"போசரியில. ஸ்டோர்ல."

"ஒரு தடவ பெயிலாயிட்டான்னு சாமு எழுதியிருந்தான்."

"ஆமா. ஒங்க சாமானாலதான்."

அது அவளுக்குப் புரியவில்லை. விளக்கவும் எனக்கு நேரமில்லை.

மைனி வாசலைப் பார்த்துத் திரும்பினாள். "ஏல சாமு, ஒன் பொண்டாட்டி பேசுதது கேக்குதா? நீ என்ன சொல்லுத?"

அவர் தலையைக் குனிந்தபடி இருந்தார். காலுக்குக் கீழே இருந்த கல்லைப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் உதவிக்குப் போகவில்லை. ஸ்லிப்பில் இருப்பதுதான் நான் சொல்லவேண்டியது. சொல்லியாயிற்று.

எழுந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். எல்லோரையும் தாண்டி ஜன்னல் பக்கம் போனார். மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"ராணி, அந்தப் பக்கம் பிடி" என்றார்.

ஜன்னல்

மெத்தையை நகர்த்தியதும் வெளிச்சம் விழுந்தது. கம்பி முழுக்க ஒட்டடை. கதவிடுக்கில் காய்ந்துபோன பல்லி. பியூலா கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள்.

வெளியே காக்கூ நின்றிருந்தாள். சத்தம் கேட்டு வந்திருப்பாள். மெத்தை அடைத்துச் சுவர்போல் ஆகிவிட்ட இடம் திடீரென்று திறந்ததும் ஆடிப்போனாள்.

"அகங் பாயீ! இதே கிட்கீ ஹோதீ?" இங்கே ஜன்னலா இருந்தது?

பியூலா சிரித்துவிட்டாள். அண்ணாச்சியும். மைனி சிரிக்கவில்லை.

டெம்போ டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தான். சோபாவை இறக்க வந்தவனிடம் என் வீட்டுக்காரர் மெத்தையைக் கொடுத்தார். அவன் ஒன்றும் விளங்காமல் வாங்கிக்கொண்டான். அண்ணாச்சி அவனிடம் எங்காவது கோடவுன் கிடைக்குமா என்று கேட்டார். போசரியில் ஒருவர் வைத்திருக்கிறார் என்றான்.

"கிதி?" எவ்வளவு என்று கேட்டார் அண்ணாச்சி.

"ஆட்ஷே ருபயே மஹினா." மாசம் எண்ணூறு ரூபாய். "எலி சாப்பிட்டால் கேட்கக்கூடாது" என்று மராத்தியில் சேர்த்துச் சொன்னான்.

அண்ணாச்சி ஸ்லிப்பை ஒருதடவை பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மைனியைப் பார்க்கவில்லை.

சோபாவோடு எல்லாமே அந்தக் கோடவுனுக்குப் போக ரெண்டு நடை ஆயிற்று. பிரிட்ஜுக்கு நாலு பேர் கை கொடுத்தார்கள். காக்கூவின் மகன், சந்துக்காரர்கள். துகான் மூடியாச்சா என்று கேலி. பீரோவுக்கடியில் செங்கல் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.

மைனி கடைசி வரை நின்று பெட்டிகளைச் சரிபார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. என்னிடம், "இனி இந்த வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கமாட்டேன்" என்றாள். ஆட்டோவில் ஏறினாள். போகும்போது ஜெபம் பண்ணவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி அவள் போனதில்லை. அது எனக்கு உறைத்தது. ஆனாலும் பின்னால் போய்க் கையைப் பிடிக்கவில்லை.

 அன்று ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், "அக்கா எனக்குச் சோறு போட்டா" என்றார்.

"தெரியும்."

"ரெண்டு வருசம்."

"அது பெரிய விஷயம்தான். அதுக்கு நான் என்ன வேணாலும் செய்வேன். என் ஜன்னலத் தர முடியாது."

 மறுநாள் காலையில் அவர் கம்பெனிக்குப் போகுமுன் ஜன்னல் கம்பியைத் துடைத்திருந்தார்.

நான் தரையைக் கழுவினேன். சாமான் இருந்த இடம் மட்டும் கறுப்பாக, புதுக்கல் மாதிரி இருந்தது. அங்கே பாயைப் போட்டு உட்கார்ந்தேன். டியூப்லைட் போடவில்லை.

பாதி

பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்தில். சின்னப் பிள்ளைகள் பெஞ்சு. முழங்கால் இடித்தது.

கேள்வித்தாளில் மூன்றாவது கேள்வி ஹோல்டிங் காஸ்ட். ஒரு கம்பெனி பேரிங் வாங்கி வைக்கிறது. ரெண்டு தடவை படித்தேன். எங்கள் வீட்டை நினைத்தேன். மைனியின் சாமான் ஒவ்வொன்றாக வாசல் தாண்டிப் போவதை நினைத்தேன். முதலில் மெத்தை. பிறகு மேஜை. ஒரு கட்டத்தில் பாதி உள்ளே, பாதி டெம்போவில்.

சரக்கு குறைவது அப்போது எனக்குத் தெரிந்தது.

பாதி எடுத்தேன். பேரிங் அந்தக் கம்பெனியின் சொந்தச் சரக்கு. அதனால் வட்டி சேர்த்தேன். அண்ணாச்சி சொன்னதை வைத்து யோசித்ததில் அது தெளிவாக இருந்தது. கடைசி மணி அடிக்கும்வரை எழுதினேன்.

தீபாவளி கழிந்து மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரருக்கு மைனியின் கடிதம் வந்தது. நாலு பக்கம். சூடு, சம்பளம், பிளாட் வேலை, மஸ்கட்டுத் தமிழ்க் கோயிலின் அறுப்பின் பண்டிகை. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்துக்குக் கீழே, இடமில்லாத ஓரத்தில், ஒரு வரி மட்டும் குறுக்காக எழுதியிருந்தாள். அவ எழுதின பரீச்சை என்னாச்சு?

அவர் பதில் எழுத உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம்தான். எல்லாம் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா கேட்டதுக்கு என்ன எழுத? ஸ்டோர் வேலைக்கு ஆர்டர் வந்ததையும் எழுதவா?"

"வேண்டாம். மார்க்க மட்டும் எழுதுங்க."

எழுதினார்.

அறுபத்தெட்டு.